நிரலின் மூலக்கோப்புக்குள் நிலையான உரையை வைத்துப் படிப்பது எப்படி?

சேலத்தில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில் போடும் நிரல், எடைச்சீட்டு அச்சிடும் நிரல் போன்றவற்றை எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இத்தகைய நிரல் ஒவ்வொன்றிலும் மாறாத உரை கொஞ்சம் இருக்கும். சீட்டின் தலைப்பு, விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவது பற்றிய நிபந்தனைகள், உதவிப் பக்கம், பிழைச்செய்திகள் ஆகியவை அந்த வகை. இந்த உரையைத் தனிக்கோப்பாக நிரலுக்குப் பக்கத்தில் வைத்தால், நிரலைப் பென்டிரைவில் நகலெடுக்கிறவர் அந்தக் கோப்பை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. மறுநாள் காலை, வாசலில் சரக்கோடு ஆட்கள் காத்திருக்கும்போது, கோப்பு கிடைக்கவில்லை என்று நிரல் நின்றுபோகிறது. செவ்வாய்ப்பேட்டையில் உள்ள கொலுசுப் பட்டறை என்றால் வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்துவிடலாம். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ காபியும் மிளகும் எடை போடுகிற இடம் என்றால், ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அதற்கு அப்பாலும் போக வேண்டும். இணையத் தொடர்பு விட்டு விட்டு வருகிற மலைக்கிராமங்களுக்கு, தொலைவிலிருந்தே கோப்பை அனுப்பிவிடலாம் என்று நம்பியிருக்கவும் முடியாது.

எனவே உரை நிரலோடு சேர்ந்தே போக வேண்டும். ஆனால் நிரல்வரிகளோடு கலந்துவிடக் கூடாது. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பதற்காகவே. இவற்றை விளக்கும் குறிப்புகள் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வோர் இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றிலும் தமிழ் உரையை உள்ளே வைப்பவருக்கு வரும் சிக்கல்களைச் சொல்பவை மிகக் குறைவு. நான் ஒவ்வொன்றாகத் தேடிச் சோதித்துத் தெரிந்துகொள்ள நெடுநாள் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எந்த உரை உள்ளே, எந்த உரை வெளியே என்று முதலில் பிரியுங்கள்

உள்ளே வைத்த உரையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நிரலை மீண்டும் கம்பைல் செய்து (எழுதிய நிரல்வரிகளைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி), பயன்படுத்துகிற ஒவ்வொரு கணினிக்கும் புதிய நகலைக் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தச் செலவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். நிரல் மாறும்போது மட்டுமே மாறுகிற உரையை உள்ளே வையுங்கள். நிரல் மாறாமலே மாறக்கூடியதை வெளியே வையுங்கள்.

வெள்ளி விலை, கூலி, சேதார விகிதம், காபியின் அன்றைய கொள்முதல் விலை ஆகியவற்றை உள்ளே வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் வரி விகிதத்தைப் பலர் உள்ளே எழுதிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் பலவும் ஒரே நாளில் மாறியபோது, விகிதத்தை நிபந்தனை உரைக்குள்ளேயே எழுதி வைத்திருந்த நிரல்கள் அனைத்தையும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும்கூட வெளியே இருக்க வேண்டியவையே, ஏனெனில் கடை இடம் மாறினால் நிரலில் திருத்துவதற்கு வேறு எதுவும் இருக்காது.

கடவுச்சொல், வங்கி இணைப்புக்கான சாவி, மின்னஞ்சல் கணக்கின் ரகசியச் சொல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள். கம்பைல் செய்துவிட்டால் யாராலும் படிக்க முடியாது என்பது தவறான நம்பிக்கை. லினக்ஸில் உள்ள ஸ்டிரிங்ஸ் என்ற கட்டளை, எந்தக் கம்பைல் செய்த கோப்பிலிருந்தும் படிக்கத்தக்க சொற்களை ஒரு நொடியில் வரிசையாகக் கொட்டிவிடும்.

2. உரையின் ஆவணத்தைத் தயார்செய்யுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை மூன்று: உரிமையாளர் படித்து ஒப்புக்கொண்ட இறுதி உரை, அது எப்போது யாரால் ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற குறிப்பு, யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையில்) சேமித்த உரைக்கோப்பு. உரை வேறொருவர் எழுதியது என்றால் அதைப் பயன்படுத்த அவருடைய எழுத்துமூலமான இசைவும் வேண்டும். உள்ளே வைத்த உரை நிரலோடு சேர்ந்து விநியோகமாகிறது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதில்தான் நேரம் போகும். சீட்டில் அச்சாகும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஓர் அச்சகத்திலோ டிடிபி நிலையத்திலோ பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவையாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த உரையைச் சாதாரண எடிட்டரில் திறந்தால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். அவற்றை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல உள்ளன. மாற்றிய பின் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் படித்தாக வேண்டும், அதிலும் கீழ்க்கண்ட இடங்களை நின்று பார்க்க வேண்டும்.

ஔகார எழுத்துகள் முதலாவது. 'கௌ' என்பதைக் 'க' என்ற எழுத்துடன் ஔகாரக் குறி சேர்த்து அடிப்பதற்குப் பதிலாக, 'கெ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்து அடித்துவிடுபவர்கள் நிறைய. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது. இதேபோல் துணைக்காலுக்குப் பதிலாக 'ர' விழுந்திருக்கும். கடைப் பெயர்களில் வரும் 'ஸ்ரீ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒன்று 'ஸ' என்ற எழுத்தில் தொடங்கும், மற்றொன்று 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கும், அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒகரக் குறியும் ஓகாரக் குறியும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு துண்டுகளாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வேறுபாட்டை யூனிகோடின் இயல்பாக்க விதி சரிசெய்துவிடும். பைத்தானில் யூனிகோடுடேட்டா என்ற நூலகத்தின் நார்மலைஸ் செயல்கூற்றை (ஃபங்ஷனை) என்எஃப்சி என்ற வகையுடன் ஒரு முறை ஓட்டினால் போதும். முதலில் சொன்ன மூன்றையும் அது திருத்தாது. அவை எழுத்துப்பிழைகள், பார்வைக்குத் தப்பிவிடும் என்பதால் தவறான வடிவத்தை எடிட்டரில் தேடித்தான் பிடிக்க முடியும்.

வாட்ஸப்பிலிருந்தோ வேர்டு ஆவணத்திலிருந்தோ ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் ஒளிந்திருக்கும். உடையா இடைவெளி ஒரு வகை, அகலமற்ற இணைப்புத்தடை மற்றொரு வகை. காட்டப்படாத எழுத்துகளைக் காட்டும் வசதி நோட்பேடு பிளஸ் பிளஸ், விஎஸ் கோடு ஆகிய இரண்டு எடிட்டர்களிலும் உண்டு, இரண்டும் இலவசம்.

சேமிக்கும்போது, யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை, முன்குறி (பிஓஎம்) இல்லாத வகையாகத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேடு இயல்பாகவே அப்படிச் சேமிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான தேர்வு ஆன்சி என்றிருக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் சேமித்தால் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அவற்றை மீட்கவே முடியாது. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தாலும் கோப்பின் தலையில் மூன்று பைட் முன்குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் உரையின் முதல் எழுத்துக்கு முன்னால் வந்து நின்று, ஒப்பீடுகளைக் குலைக்கும். கோப்பின் பெயரை மட்டும் ரோமன் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது.

3. உங்கள் மொழிக்குரிய வழியில் உள்ளே வையுங்கள்

ஐந்தாறு வரிக்கு மேற்படாத உரை என்றால் மூலக்கோப்பிலேயே, அதாவது நிரல்வரிகளை எழுதும் கோப்பிலேயே, எழுதிவிடலாம். அதற்கு மேல் என்றால், உரையை அதன் சொந்தக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, கம்பைலரே அதை எடுத்து உள்ளே வைக்கும்படி செய்வதுதான் நல்லது. அப்படிச் செய்தால் நிரல் தெரியாத ஒருவர்கூட உரையைத் திறந்து சரிபார்க்க முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கோ மொழி. இதற்கான வசதி 2021-இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து மொழியிலேயே இருக்கிறது. செய்முறை இது: எம்பெட் என்ற தொகுப்பை இறக்குமதி செய்யுங்கள், அதன் எந்தச் செயல்கூற்றையும் நேரடியாக அழைக்கவில்லை என்றால் அதன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இடுங்கள். பிறகு ஸ்டிரிங் வகை மாறி (வேரியபிள்) ஒன்றை அறிவித்து, அதற்கு நேர் மேல் வரியில் இரண்டு சாய்கோடு, 'கோ', முக்காற்புள்ளி, 'எம்பெட்' ஆகியவற்றை ரோமன் சிற்றெழுத்தில் இடைவெளியில்லாமல் எழுதி, அதன் பின் ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதுங்கள். கம்பைல் செய்தவுடன் கோப்பின் முழு உரையும் அந்த மாறிக்குள் இருக்கும்.

இதில் புதியவர்கள் சிக்கும் இடங்கள் பல. இரண்டு சாய்கோடுகளுக்கும் 'கோ' என்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் கம்பைலர் அதைச் சாதாரணக் குறிப்பாகக் கருதி விட்டுவிடும். மாறி காலியாக இருக்கும், பிழைச்செய்தியும் வராமல் போகலாம். மாறி செயல்கூற்றுக்குள் இருக்கக் கூடாது, தொகுப்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். கோப்பு அந்த மூலக்கோப்பு உள்ள ஃபோல்டரிலோ அதன் உள்ஃபோல்டரிலோ இருக்க வேண்டும். இரண்டு புள்ளி வைத்து மேலே ஏறிப் போக முடியாது. விண்டோஸில் எழுதினாலும் பாதையில் முன்சாய்கோடுதான் வர வேண்டும். முழு ஃபோல்டரையும் உள்ளே வைத்தால், புள்ளியிலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் பெயருள்ள கோப்புகள் விடுபட்டுவிடும்.

பைத்தானில் சிறு உரையை மூன்று மேற்கோள்குறிகளுக்கு நடுவே எழுதலாம். பைத்தான் 3 மூலக்கோப்பை இயல்பாகவே யூடிஎஃப்-8 என்று கொள்வதால் தமிழ் எழுத்துகளுக்குத் தனி அறிவிப்பு தேவையில்லை. செயல்கூற்றுக்குள் எழுதும்போது வரிகளின் முன்னால் வரும் உள்தள்ளலும் உரையின் பகுதியாகிவிடும். டெக்ஸ்ட்ராப் நூலகத்தின் டெடென்ட் அதை நீக்கித் தரும். உரையில் விண்டோஸ் கோப்புப் பாதை ஏதேனும் இருந்தால், பின்சாய்கோட்டுக்கு அடுத்து வரும் 'என்' என்ற எழுத்து புதுவரியாக மாறிவிடும் என்பதால், தொடக்க மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தை இடுங்கள். மூலக்கோப்பின் தலையில் உள்ள விளக்கவுரையையே உதவிப் பக்கமாகப் படித்துக் காட்டுவது ஒரு பரவலான பழக்கம். நிரலை இரட்டை ஓ என்ற சுருக்கத் தெரிவுடன் ஓட்டினால் விளக்கவுரைகள் அனைத்தும் நீக்கப்பட்டு உதவிப் பக்கம் வெறுமையாகிவிடும் என்பதால், நான் அந்தப் பழக்கத்தைத் தவிர்க்கச் சொல்வேன்.

நீண்ட உரைக்குப் பைத்தானில் இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் என்ற நூலகம் இருக்கிறது. அதன் ஃபைல்ஸ் என்ற செயல்கூறு 3.9 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. தொகுப்பின் பெயரைக் கொடுத்து, கோப்பின் பெயரை இணைத்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிப் படித்துக்கொள்ளலாம். வழக்கமான ஓப்பன் கட்டளையால் படிப்பதாக இருந்தாலும் குறியாக்கத்தை ஒருபோதும் சொல்லாமல் விடாதீர்கள்: லினக்ஸில் சரியாக வரும் தமிழ், விண்டோஸ் கணினியில் அதன் உள்ளூர்க் குறியாக்கத்தின்படி படிக்கப்பட்டுச் சிதைந்து வரும், அல்லது பிழையாகி நிற்கும். தொகுப்பாக்கும்போது உரைக்கோப்புகளையும் சேர்க்கும்படி அமைப்புக்கோப்பில் எழுதுவதும் முக்கியம். எழுதாவிட்டால் உங்கள் கணினியில் ஓடும் நிரல், நிறுவிய கணினியில் உரை இல்லாமல் நிற்கும். பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒற்றைக் கோப்பாக்குபவர்களும் ஆட்-டேட்டா என்ற தெரிவில் உரைக்கோப்பைச் சொல்லியாக வேண்டும்.

பெர்ல், ரூபி ஆகிய இரண்டிலும் மிக எளிய வழி உண்டு. பெர்லில் மூலக்கோப்பின் இறுதியில் 'டேட்டா' என்ற சொல்லை ரோமன் பேரெழுத்தில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் தனி வரியில் எழுதிவிட்டு, அதன் கீழ் உரையை எழுதலாம். ரூபியில் அதே இடத்தில் 'எண்ட்' என்ற சொல் வரும். அந்த வரிக்குக் கீழ் உள்ளதை மொழி நிரலாகப் பார்க்காது. டேட்டா என்ற பெயருள்ள கோப்புக் கைப்பிடி வழியாக வரிவரியாகப் படித்துக்கொள்ளலாம். பின்சாய்கோடு, மேற்கோள்குறி பற்றிய கவலை எதுவும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு முறை படித்து முடித்த பின் மீண்டும் படிக்க விரும்பினால் என்ன நடக்கும் என்பது. கைப்பிடியைத் தொடக்கத்துக்குத் திருப்பினால் அது உரையின் தொடக்கத்துக்குப் போகாது, மூலக்கோப்பின் முதல் வரிக்கே போய்விடும். உங்கள் நிரல்வரிகளே சீட்டில் அச்சாகும். படிக்கத் தொடங்கும் முன் கைப்பிடி நிற்கும் இடத்தைக் குறித்து வைத்து அங்கே திரும்புங்கள், அல்லது முதல் முறையே முழு உரையையும் ஒரு மாறியில் வாங்கிவிடுங்கள். இரண்டாவது வழியே பாதுகாப்பானது. பெர்லில் யூஸ் யூடிஎஃப்8 என்ற அறிவிப்பு (இங்கே இடைக்கோடு இல்லை) மேலே இருந்தால் இந்த உரை எழுத்துகளாகப் படிக்கப்படும், இல்லாவிட்டால் வெறும் பைட்டுகளாக வரும். ரூபியில் முதன்மைக் கோப்பின் இறுதியில் உள்ள உரை மட்டுமே கிடைக்கும். பிற கோப்புகளில் வைத்தால் கிடைக்காது.

ஜாவாவில் 15-ஆம் பதிப்பிலிருந்து மூன்று மேற்கோள்குறி உரைத்தொகுதி உண்டு. ஒரு மாறிலி உரை 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழ் யூனிகோடுக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் என்பதால், 21,845 குறிகளோடு அந்த எல்லை முடிந்துவிடும். ரோமன் உரைக்குக் கிடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு. நீண்ட உரையை ரிசோர்ஸ் கோப்பாக ஜாருக்குள் (ஜாவா நிரலைக் கட்டித் தரும் தொகுப்புக் கோப்புக்குள்) வைத்து, வகுப்பின் வழியே ஸ்ட்ரீமாகப் படியுங்கள். கோப்புப் பாதை கொண்டு படித்தால் எடிட்டரில் ஓடும், ஜாரில் ஓடாது.

சி மொழியில் அடுத்தடுத்து எழுதிய மேற்கோள் உரைகளைக் கம்பைலர் ஒன்றாக இணைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு வரியையும் தனி மேற்கோளில் எழுதலாம். வரிமுடிவுக் குறியை மறந்தால் இரண்டு வரிகள் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரைப் பயன்படுத்துவோர் யூடிஎஃப்-8 தெரிவைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்குறி இல்லாத மூலக்கோப்பை அது கணினியின் உள்ளூர்க் குறியாக்கத்தில் படிக்கும். நீண்ட உரைக்கு எக்ஸ்எக்ஸ்டி என்ற கருவி, ஐ என்ற தெரிவுடன், கோப்பை எண்வரிசையாக மாற்றித் தரும். அந்த வரிசையின் இறுதியில், உரை முடிந்ததைக் காட்டும் சுழி பைட் இருக்காது என்பதால் அதை நேராக உரையாக அச்சிடக் கூடாது. கருவி கூடவே எழுதித் தரும் நீள மாறியைப் பயன்படுத்துங்கள். சி23 தரத்தில் எம்பெட் கட்டளை வந்துவிட்டது, ஜிசிசி 15, கிளாங் 19 ஆகியவற்றில் கிடைக்கிறது.

ரஸ்டில் இன்குளூட் ஸ்டிர் என்ற மேக்ரோ போதும். கோப்பு சரியான யூடிஎஃப்-8 இல்லையென்றால் கம்பைல் ஆகாது, அது ஒரு நல்ல காவல். ஷெல் நிரல்களில், ஒரு முடிவுச்சொல் வரும்வரை உள்ள வரிகளை உரையாகக் கொள்ளும் இங்கேயே-உரை (ஹியர்-டாக்) முறையைப் பயன்படுத்தும்போது, முடிவுச்சொல்லை மேற்கோளில் இட்டால்தான் உரையில் உள்ள டாலர் குறிகள் மாறியாக விரியாமல் இருக்கும்.

4. படிக்கும்போது எழுத்தை எண்ணாதீர்கள், பைட்டை வெட்டாதீர்கள்

'சேலம்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள். யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட். பைத்தானும் ஜாவாவும் நீளம் ஐந்து என்று சொல்லும், கோ மொழி பதினைந்து என்று சொல்லும். 'ஏற்காடு' நான்கு எழுத்து, ஏழு குறி, இருபத்தொரு பைட். சீட்டில் இரண்டு பத்திகளை நேராக நிறுத்துவதற்காக உரையை இத்தனை நீளத்தில் வெட்டி எஞ்சிய இடத்தை இடைவெளியால் நிரப்பும் வழக்கமான வரிகள், தமிழில் ஒருபோதும் நேராக நிற்கா. பைட்டில் வெட்டினால் பாதி எழுத்து கருப்புக் கட்டமாக வரும். குறியில் வெட்டினால் 'கா' என்பது 'க' ஆகிவிடும், புள்ளி தனியே தொங்கும். உள்ளே வைத்த உரையை வரிமுடிவில் மட்டும் பிரியுங்கள். ஒரு வரி எங்கே முடிய வேண்டும் என்பதை உரைக்கோப்பிலேயே கையால் தீர்மானித்துவிடுங்கள். நிலையான உரை என்பதால் அதற்கு ஒரு முறை உழைத்தால் போதும்.

பெரும்பாலான வெப்ப அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்துகள் உள்ளமைந்திருப்பதில்லை. உரையை நிரலே படமாக வரைந்து அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றையும் இதே வழியில் உள்ளே வைத்துவிடலாம். அதன் உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

5. நிரப்பும் இடங்களைக் கவனமாகக் குறியுங்கள்

நிலையான உரை என்றாலும் நடுவில் பெயரோ தேதியோ வந்து அமர வேண்டியிருக்கும். வெளியே வைத்த சேதார விகிதமும் தொகையும் இப்படித்தான் வந்து சேரும். கொலுசுப் பட்டறையின் சீட்டில் 'சேதாரம்' என்ற சொல்லை அடுத்து எண்ணுக்கான இடமும் ஒரு விழுக்காட்டுக் குறியும் வரும். அந்த உரையைச் சி மொழியின் பிரின்ட்எஃப் கட்டளைக்கு வடிவ உரையாகக் கொடுத்தால், அந்தக் குறியை அது நிரப்பும் இடமாக எடுத்துக்கொண்டு நினைவகத்தில் கண்டதைப் படிக்கும். பைத்தானின் பழைய வகை நிரப்பல் பிழையாகி நிற்கும். நெளிவு அடைப்புகளைப் பயன்படுத்தும் நிரப்பல் முறைகளில், உரையில் தற்செயலாக உள்ள நெளிவு அடைப்பு இதே தொல்லையைத் தரும்.

உள்ளே வைத்த உரையை ஒருபோதும் நேராக வடிவ உரையாகக் கொடுக்காமல், உரையில் வேறெங்கும் வரவே வராத ஒரு குறியால் நிரப்பும் இடத்தைக் காட்டி, சாதாரணச் சொல்மாற்றுக் கட்டளையால் நிரப்புவதே என் வழி. இரண்டு சதுர அடைப்புகளுக்கு நடுவே 'பெயர்', 'தேதி', 'விகிதம்' என்று தமிழிலேயே எழுதிவிட்டால், உரையைச் சரிபார்க்கும் கடைக்காரருக்கும் எங்கே என்ன வரும் என்று புரியும். நிரப்பி முடித்த பின் இரட்டைச் சதுர அடைப்பு எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று நிரலே ஒரு முறை பார்த்து, இருந்தால் அச்சிட மறுக்கட்டும்.

6. வரிமுடிவு மாறாமல் காத்துக்கொள்ளுங்கள்

விண்டோஸ் வரிமுடிவில் இரண்டு பைட் வைக்கும், லினக்ஸ் ஒன்று வைக்கும். மூலக்கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் விண்டோஸில் கோப்பை இறக்கும்போது, அமைப்பைப் பொறுத்து, ஒன்றை இரண்டாக மாற்றிவிடும். கோ மொழியின் எம்பெட் வட்டில் உள்ளதை அப்படியே எடுத்து வைப்பதால், ஒரே மூலத்திலிருந்து இரண்டு கணினிகளில் கம்பைல் செய்த நிரல்களுக்குள் இரண்டு வேறு உரைகள் இருக்கும். லினக்ஸில் தேறிய சோதனை விண்டோஸில் தோற்கும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஷெல் நிரலில் இது இன்னும் கடுமை, ஏனெனில் முடிவுச்சொல்லோடு கூடுதல் பைட் ஒட்டிக்கொண்டு, உரை முடியாமலே போகலாம். கிட் களஞ்சியத்தின் தலையில் கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பை வைத்து, உரைக்கோப்புகளின் வரிமுடிவு எப்போதும் எல்எஃப் (லினக்ஸின் ஒற்றைப் பைட் வரிமுடிவு) என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இது தீரும். முதல் நாளே எழுதுங்கள்.

7. செலவும் காலமும்

கருவிகளுக்குப் பணம் எதுவும் இல்லை. மேலே சொன்ன மொழிகளின் கம்பைலர்கள், எடிட்டர்கள், மாற்றிகள் யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிரலின் அளவு கூடிவிடுமே என்று அஞ்சவும் வேண்டாம்: ஒரு பக்கத் தமிழ் உரை சில கிலோபைட்தான், கோ மொழியின் மிகச் சிறிய நிரலே ஒரு மெகாபைட்டுக்கு மேல் வரும். பைஇன்ஸ்டாலரின் ஒற்றைக் கோப்பு நிரல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன் பொருள்களைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொள்வதால் பழைய கணினிகளில் தொடங்கத் தாமதமாகும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதை ஐயத்துக்குரியது என்று தடுப்பதும் உண்டு. வாடிக்கையாளரின் கணினியில் எந்தத் தடுப்பு மென்பொருள் இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் எச்சரிக்கை குறைய நிரலுக்குக் கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம், அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். ஐந்தாறு கடைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

காலம் போவது உரைக்கு ஒப்புதல் வாங்குவதில்தான். நிரலில் வைப்பது அரை மணி நேர வேலை. உரிமையாளர், அவருடைய கணக்கர், கடையில் சீட்டுப் போடுபவர் ஆகிய மூவரும் உரையைத் தனித்தனியே படித்து ஒப்புக்கொள்ளச் சில நாள்கள் ஆகும். மூன்றாமவர் சொல்லும் திருத்தம்தான் பெரும்பாலும் பயனுள்ளது. காபித் தோட்டக்காரர்களுக்கான நிரல் என்றால் ஆண்டின் கடைசி மாதங்களில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதன் பின் உரையைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. மழைக்காலத்துக்குள் ஒப்புதலை முடித்துவிடுங்கள். கொலுசுப் பட்டறைகளுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

8. ஒப்படைக்கும் முன்

கம்பைல் செய்த நிரலை மட்டும், வேறு எந்தக் கோப்பும் இல்லாமல், ஒரு காலி ஃபோல்டரில் வைத்து ஓட்டுங்கள். அதையே உங்கள் மொழி நிறுவப்படாத வேறொரு கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு முறை ஓட்டுங்கள். தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டருக்குள்ளிருந்தும் ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் கடைகளில் அப்படித்தான் பெயர் வைத்திருப்பார்கள். விண்டோஸின் கட்டளைத் திரையில் தமிழ் கட்டங்களாக வந்தால் உரை கெட்டுவிட்டது என்று முடிவுசெய்யாமல், சிஎச்சிபி கட்டளையால் குறியாக்கத்தை 65001 ஆக்கியும், வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி எடிட்டரில் திறந்தும் பாருங்கள். பெரும்பாலும் குறை திரையின் எழுத்துருவில்தான் இருக்கும்.

உரைக்கோப்பின் முதல் வரியில், சீட்டில் அச்சாகாத பதிப்புத் தேதி ஒன்றை எழுதிவைத்து, உதவிப் பக்கத்தில் மட்டும் அது தெரியும்படி செய்யுங்கள். நாகலூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து நிபந்தனையில் ஒரு வரி தவறாக வருகிறது என்று சொன்னால், உதவிப் பக்கத்தைத் திறந்து அந்தத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அவரிடம் இருப்பது பழைய நகலா, அல்லது புதிய உரையிலேயே பிழை இருக்கிறதா என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.